அப்புறம் டீச்சரும் பெருமூச்சு விடும் சைக்கிளும்

காவல் நிலையத்துப் பின்முற்றத்தில் சைக்கிள்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. அந்த மலையிலிருந்து உருவி நிறுத்திய ஒரு சைக்கிளின் இடது கைப்பிடியை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிடித்திருந்தாள். வலது கைப்பிடியை வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் பிடித்திருந்தார். "இது என் சைக்கிள்" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இதற்கு இரண்டு பக்கமும் இழுப்பு.

திருடியவன் லேசுப்பட்டவன் இல்லை. ஊரில் கண்ணில் பட்ட சைக்கிளையெல்லாம் தள்ளிக்கொண்டுபோய், மணியைக் கழற்றி, ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசி வைத்திருந்தான். செய்த கம்பெனிக்காரனே நேரில் வந்தாலும் எது எது என்று பிரிக்க முடியாது. அவனைப் பிடித்த போலீசார், வண்டியைப் பறிகொடுத்தவர்கள் சனிக்கிழமை காலையில் வந்து அடையாளம் காட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

சைக்கிள் கிடைத்தால் அந்தப் பெண் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வருவாள். கிடைக்காவிட்டால் சித்தியின் துணிக்கடையில் பில் போட உட்காருவாள். அவளுடைய அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. வீடு லாரி நிறுத்துமிடத்துக்கும் அப்பால், பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. அவரும் மனைவியும் விடிவதற்கு முன்பே ரொட்டி ஆலைக்குப் போய்விடுவார்கள். "அந்த ரோட்டுல அவளைத் தனியா நடக்கவிட எனக்கு மனசு இல்ல டீச்சர். கொண்டுவந்து விடலாம்னா நேரம் இல்ல. புதுசு வாங்கலாம்னா வழி இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?" என்று அவர், அவளுக்கு எழுத்துப் பயிற்சி நடத்தும் டீச்சரிடம் கேட்டிருந்தார்.

அந்த டீச்சர்தான் இப்போது முற்றத்தில், பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் நம்புறேன். இது இந்தப் பொண்ணோட வண்டிதானா?" என்று கேட்டார்.

ஒரு "ஆமா" போதும். நாக்கின் நுனிவரை அது வந்தும்விட்டது. ஆனால் டீச்சருக்கு உண்மையிலேயே தெரியாது. தினமும் பள்ளிக்கூட வாசலில் அந்தச் சைக்கிளைத் தாண்டித்தான் போயிருக்கிறார். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாது சார். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு தாள் குடுங்க. இந்த வண்டி என்ன பண்ணும்னு எழுதட்டும். நீங்க அதைப் படிச்சு, வண்டியை ஓட்டிப் பாருங்க. பார்த்து முடிக்கிற வரைக்கும் எழுதினவங்க வாயைத் திறக்கக் கூடாது."

தண்ணீர் கேன்காரர் சிரித்தார். "அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வகுப்பில் என்ன பெயர்? மூணு வரி. எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் அவள் மூன்று வரிக்கு மேல் எழுதியது கிடையாது. தன் வாயாலேயே பிள்ளையின் படிப்பைத் தூக்கி அந்த மூன்று வரியின் தலையில் வைத்துவிட்டார். இனி வாயிலிருந்து எதுவும் தப்பி விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

அது பொத்திவைக்கிற வாயா என்றால், இல்லவே இல்லை. பிறந்தவுடன் அழுவதற்குப் பதிலாக டாக்டரிடம் ஏதோ கேள்வி கேட்டது அந்தக் குழந்தை என்று அவருடைய பெரியம்மா சொல்வதுண்டு. பெரியம்மா சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், மீதி பாதி ஒரு சாதாரணக் குழந்தைக்கு அதிகம்தான். கதை சொல்லத் தொடங்கியவர்கள் யாரும் அந்தப் பிள்ளையிடம் முடித்துவிட்டு எழுந்தது கிடையாது. "ராஜா செத்துப்போனார்" என்றால் "அப்புறம்?" என்று கேட்கும். "அப்புறம் என்ன, செத்துட்டார்" என்றால் "அவர் குதிரையை யாரு பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்கும்.

அப்படிப்பட்டவருக்குப் பட்டம் வாங்கியதும் கிடைத்த முதல் வேலை, பஸ் டிப்போவில் தொலைந்த பொருள்களைப் பார்த்துக்கொள்வது. மாடிப்படிக்கு அடியில் கம்பி போட்ட ஜன்னலோடு ஒரு அறை. உள்ளே குடைகள், சாப்பாட்டுப் பைகள், ஒற்றைச் செருப்புகள். குடைகளோ காக்கைக் கூட்டம்போலக் கறுப்பாக ஒன்றன்மேல் ஒன்று. அங்கேயே வருஷக்கணக்காகக் கிடந்த ஒரு குடை, ஆள் வரும் சத்தம் கேட்டால் தானாகவே எழுந்து நிற்குமாம்.

பொருளைத் தொலைத்தவர் வந்து ஜன்னலில் நிற்பார்.

"கறுப்புக் குடைம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குடை. விரிச்சா விரியும்."

"எல்லாக் குடையும் விரிச்சா விரியும்ணே. உங்க குடை என்ன பண்ணும்?"

அவர் தலையைச் சொறிவார். யோசிப்பார். பிறகு, "பாதி விரிஞ்சு நின்னுக்கும். முட்டியில வச்சு ஒரு தட்டு தட்டணும்" என்பார். டீச்சர் உள்ளே போய் ஒவ்வொரு குடையாக முட்டியில் தட்டிப் பார்த்து, சொன்ன சொல் கேட்ட குடையைக் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒருமுறை பல்செட்டைத் தொலைத்த ஒருவர் வந்தார். பல் இல்லாமல் அவர் பேசியது காற்றுக்கு மட்டும்தான் புரிந்தது. மேசையில் இருந்த பல்செட்டுகள் எல்லாம் ஒன்றுபோலவே இளித்தன. எழுதிக் காட்டச் சொன்னார் டீச்சர். அந்த மனிதர் எழுதினார்: "நான் சிரித்து முடித்த பிறகு இது சிரிக்கும்." ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது செட், முகம் சிரித்து ஓய்ந்த பிறகு நிதானமாகத் தன் பங்குக்குச் சிரித்தது. அன்றைக்கு டீச்சர் ஒன்றைக் கற்றுக்கொண்டார். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அது என்ன பண்ணும் என்பது அதோடு குடித்தனம் நடத்தியவருக்குத்தான் தெரியும்.

பிறகு அந்த அறையை மூடி, பொருள்களையெல்லாம் தலைமை டிப்போவுக்கு ஏற்றிவிட்டார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டார். தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். பெரிய மேடம் அவருக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பைக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. மின்விசிறிகூடக் கண்ணைச் செருகிக்கொண்டு சுற்றும் நேரம். அதை வேண்டும் என்று கேட்டு வாங்கிய வாத்தியார் அதுவரை பிறக்கவில்லை.

முதல் நாள், "அம்மாவைப் பத்தி எழுதுங்க" என்றார். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். மளமளவென்று எழுதினார்கள். வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு தாளிலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஒவ்வொரு முன்னுரையிலும் 'அம்மா என்பவர் அன்பின் வடிவம்.' ஒவ்வொரு முடிவுரையிலும் 'ஆகவே அம்மாவைப் போற்றுவோம்.'

"ஏம்ப்பா, உங்க எல்லாருக்கும் ஒரே அம்மாவா?" என்று கேட்டார் டீச்சர். "பாவம் அவங்க, எத்தனை வீட்டுலதான் பாத்திரம் கழுவுவாங்க?"

வகுப்பு சிரித்தது. மின்விசிறி விழித்துக்கொண்டது.

அடுத்த வாரம் ஒரு சாக்கோடு வந்தார். எல்லோரும் தங்கள் பொருள் ஒன்றை அதில் போட வேண்டும். எல்லோரும் ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கிய ஜாமெட்ரி பெட்டி, தண்ணீர் பாட்டில், ஷூ. பிறகு அதைப் பற்றி எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. வேறொருவர் படித்துப் பார்த்துச் சாக்கிலிருந்து சரியாக எடுத்துவிட்டால் பொருள் திரும்பக் கிடைக்கும். தவறாக எடுத்தால் அடுத்த வாரம் வரை சாக்கிலேயே கிடக்கும். படிக்கும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

"அது இல்லடா, பக்கத்துல இருக்கு பாரு" என்று ஒருவன் கத்தினான்.

"நீ எழுதினது கடல் தாண்டிப் போகும். படிக்கிறவன் பின்னாடியே நீயும் கப்பல் ஏறிப் போயி, 'அது இல்லடா'ன்னு சொல்லுவியா? வாயை மூடு."

அன்று சாயங்காலம் பாதி வகுப்பு ஒற்றை ஷூவோடு வீட்டுக்குப் போனது. தெருவில் பார்த்தவர்கள், பள்ளிக்கூடத்தில் ஏதோ புதுவிதமான நடைப்பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் பெற்றோர்கள் வந்தார்கள். பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாடம் நடத்தச் சொன்னா, பிள்ளைங்க காலைக் கழட்டி அனுப்புறீங்களாமே?"

"கால் இல்ல மேடம், ஷூதான். கண்ணைத் திறந்து பார்த்து எழுதினா அடுத்த வாரமே வந்துரும். தன் பொருளை யாருமே பார்க்கிறதில்ல மேடம். நீங்க தினமும் கொண்டுவர்ற கைப்பை, அது கிட்ட என்ன விசேஷம்? திரும்பிப் பார்க்காம சொல்லுங்க."

பெரிய மேடத்துக்குக் கறுப்பா, கரும்பழுப்பா என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், "ஷூ வேண்டாம். பென்சில் பெட்டியோட நிறுத்திக்குங்க" என்று அனுப்பிவைத்தார். அன்று வீட்டுக்குப் போகும் முன் அவர் தன் பையை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அலுவலகத்துப் பியூன் ஊரெல்லாம் சொன்னார்.

எழுதிய தாள்களை டீச்சர் வீட்டுக்கு எடுத்துப்போவார். வீட்டில் அவருக்கு இரண்டு பரிசோதகர்கள். ஒருவர் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மாடி மாடியாக ஏறி இறங்கி, பேச்சை எந்த மாடியிலோ விட்டுவிட்டு வந்தவர். எதைப் படித்துக் காட்டினாலும் "ம்" என்பார். நல்ல எழுத்துக்கு ஒரு "ம்", மோசமான எழுத்துக்கு ஒரு "ம்". இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் டீச்சருக்குப் பிடிபட்டது. இன்னொருவர் மாமியார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"என்ன தெரியுது அத்தை?"

"ஒரு பெட்டி தெரியுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் தெரியல. இருட்டா இருக்கு. மறுபடி எழுதச் சொல்லு அந்தப் பிள்ளைய."

கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினார்கள். 'என் பெட்டியைத் திறந்தால் முதலில் காம்பஸ் எட்டிப் பார்க்கும், ஆள் யார் என்று' என்று ஒருவன் எழுதினான். 'என் பாட்டில் மூடி திறக்காது; அண்ணன் முறைத்தால் திறக்கும்' என்று ஒருத்தி எழுதினாள். மாமியார் கண்ணை மூடியபடியே சிரித்தார். கணவர் நல்ல "ம்" போட்டார். சாக்கு வாரவாரம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் அதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஜாமெட்ரி பெட்டி. அது மூணு வரியின் பெட்டி.

'இது என் பெட்டி. இது இரும்பால் ஆனது. இது எனக்குப் பிடிக்கும்.' வாரவாரம் இதே மூன்று வரி. வட்டம் வரையப் பக்கத்துப் பெண்ணிடம் காம்பஸ் கடன் வாங்கினாளே தவிர, நான்காவது வரி எழுதவில்லை. திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். கொஞ்சினாலும் அதே குனிவுதான். மற்றவர்கள் எல்லோரையும் கரையேற்றிவிட்ட டீச்சருக்கு இவள் ஒருத்தி தொண்டையில் சிக்கிய முள்.

ஒருநாள் அவள் கையெல்லாம் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு வகுப்புக்குத் தாமதமாக வந்தாள்.

"கையில என்னடா கண்ணு?"

"சங்கிலி கழண்டுருச்சு டீச்சர்."

"மேடு ஏறும்போதா?"

"இல்ல டீச்சர். ஏறும்போது கழலாது. ஏறி முடிச்சப்புறம்தான் கழலும். அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்கும்."

டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இப்ப சொன்னியே, அதை அப்படியே எழுது. ஒரு எழுத்து மாத்தாம எழுது!"

அவள் உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வாங்கிப் பார்த்தால்: 'சங்கிலி கழலும்.'

"மீதி எங்க?"

"அதெல்லாம் எழுதுவாங்களா டீச்சர்? அது சும்மா பேச்சுதானே."

டீச்சருக்கு விடை கிடைத்துவிட்டது. அவளுக்குப் பார்க்கத் தெரியாமல் இல்லை. பேச்சு வேறு, எழுத்து வேறு என்று யாரோ அவளுக்கு ஒரு சுவர் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதை எப்படி இடிப்பது என்று டீச்சர் யோசித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் நூலகத்து வாசலில் நிறுத்தியிருந்த அவளுடைய சைக்கிள் காணாமல் போனது.

காவல் நிலையத்து முற்றத்தில் இரண்டு தாளும் இரண்டு பேனாவும் வந்தன. தண்ணீர் கேன்காரர் ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து, ஒரே மூச்சில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடியில் கோடும் இழுத்துவிட்டார். பெண் படிக்கட்டில் உட்கார்ந்தாள். எழுதவில்லை. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பொத்திய வாயோடு கண்ணை மட்டும் உருட்டினார். அந்தக் கண் என்ன சொன்னது என்று அவருக்கே தெரியாது.

பிறகு அவள் குனிந்தாள். முதல் வார்த்தையை எழுதி, அதற்கு அடிக்கோடு போட்டாள். டீச்சர் எட்டிப் பார்த்தார். 'முன்னுரை.' போச்சுடா! காவல் நிலையத்தில் சைக்கிள் கேட்டு வந்த இடத்தில் முன்னுரை எழுதுகிற பிள்ளை உலகத்தில் வேறெங்காவது உண்டா? அதற்குமேல் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேனா நகரும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி நகர்ந்தது. மூன்று வரிக்கு எவ்வளவு நேரமாகும்? அது கடந்துபோனது. தண்ணீர் கேன்காரர் டீ குடித்துவிட்டு வந்தார். பேனா இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. தாளைத் திருப்பும் சத்தம்கூடக் கேட்டது. டீச்சருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

எழுதி முடித்த தாளை நிலையத்து எழுத்தர் வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி, நிதானமான மனிதர். ஒவ்வொரு சொல்லையும் சுவைத்துப் படிப்பவர். வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். அவர் உருவத்தில் அரிசி மூட்டைக்கு அண்ணன். ஏறி உட்கார்ந்தார்.

"முன்னுரை," என்று எழுத்தர் படித்தார். "'உலகில் பல மிதிவண்டிகள் உள்ளன. அவற்றுள் என் மிதிவண்டியும் ஒன்று.'"

தண்ணீர் கேன்காரர் கொல்லென்று சிரித்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொருளுரை. 'இதில் உட்கார்ந்தால் இருக்கை ஒரு பெருமூச்சு விடும். தம்பி பின்னால் ஏறினால் இன்னொரு பெருமூச்சு விடும்.'"

"விட்டுச்சு சார்!" என்றார் கான்ஸ்டபிள். "நான் உட்காரும்போதே விட்டுச்சு. நான்தான் விட்டேன்னு நீங்க நினைச்சிருவீங்களோன்னு சும்மா இருந்தேன்."

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"'கைப்பிடியை நேராகப் பிடித்தால் இது இடது பக்கம் போகும். எங்கள் வீடு இடது பக்கம் இருப்பதால் நான் அதைத் திருத்தவில்லை.'"

கான்ஸ்டபிள் மிதித்தார். வண்டி நேராகப் போவதுபோலப் போய், மெல்ல இடது பக்கம் சாய்ந்து, இன்ஸ்பெக்டரின் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவந்தது.

"'வலது மிதி டக் என்று சத்தம் போடும். எல்லாச் சுற்றுக்கும் போடாது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுக்குப் போடும். அதை எண்ணிக்கொண்டே வந்தால் தூரம் தெரியாது.'"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். டக். ஒன்றும் இல்லை. டக். ஒன்றும் இல்லை. டக். இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் விரலால் நாற்காலியில் தாளம் போட்டார். தண்ணீர் கேன்காரரின் சிரிப்பு உதட்டோரத்தில் வடிந்துபோயிருந்தது.

"'மேடு ஏறும்போது இதன் சங்கிலி கழலாது. ஏறி முடித்த பிறகுதான் கழலும். அதுவரை பொறுத்துக்கொண்டிருக்கும். எங்கள் அம்மாவும் அப்படித்தான். வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் தலைவலிக்கிறது என்று படுப்பார்.'"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் சுவரிலிருந்து முழுதாகத் திரும்பிவிட்டார். வாயைப் பொத்தியிருந்த கை நனைந்திருந்தது. அன்பின் வடிவம் என்று எழுதி எழுதித் தேய்ந்த அத்தனை அம்மாக்களுக்கு நடுவில் ஒரு நிஜ அம்மா தலைவலியோடு வந்து படுத்திருந்தாள்.

"மேட்டுக்கு எங்க சார் போறது?" என்றார் கான்ஸ்டபிள்.

முற்றத்தின் மூலையில் ஜீப்பைக் கழுவ ஏற்றிவைக்கும் சிமெண்டு மேடை இருந்தது. இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கமும் சரிவு. அந்தச் சரிவின் அடியில், தரையோடு தரையாக, வாய் அகன்ற தண்ணீர்த் தொட்டி. கான்ஸ்டபிள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். சங்கிலி பொறுத்துக்கொண்டது. மேடையின் உச்சிக்கு வந்தார். சடக்.

"கழண்டுருச்சு சார்! அப்படியே எழுதினபடி கழண்டுருச்சு!" என்று குதூகலத்தோடு கத்தியவர், வண்டி நிற்காமல் அந்தப் பக்கச் சரிவில் இறங்குவதை அப்போதுதான் கவனித்தார். "சார், பிரேக்கு... பிரேக்கைப் பத்தி என்ன எழுதியிருக்கு சார்?"

எழுத்தர் கண்ணாடியை மாட்டினார். நாக்கில் விரலைத் தொட்டுத் தாளைத் திருப்பினார். "முடிவுரை," என்று நிறுத்தி நிதானமாகத் தொடங்கினார். "'இதுகாறும் என் மிதிவண்டியின் சிறப்புகளைக் கண்டோம்...'"

பெண் துடித்தாள். வாயைத் திறக்கக் கூடாது. டீச்சரைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கான்ஸ்டபிளைப் பார்த்தாள். பொறுக்கவில்லை. "காலை ஊனுங்க சார்! பிரேக் கிடையாது!" என்று அலறிவிட்டாள்.

"பார்த்தீங்களா, வாயைத் திறந்துட்டா!" என்று தண்ணீர் கேன்காரர் துள்ளினார்.

அந்தச் சத்தத்தை ஒரு பெரிய 'தொபுக்கடீர்' விழுங்கியது. தொட்டியிலிருந்த தண்ணீர் முழுதும் எழும்பி, முற்றத்தைக் கழுவி, இன்ஸ்பெக்டரின் பூட்ஸைத் தொட்டு வணங்கிவிட்டுத் திரும்பியது. எழுத்தர் எதுவும் நடக்காததுபோலப் படித்து முடித்தார்: "'ஆகவே, இதற்கு முன் பிரேக் பிடிக்காது, பின் பிரேக்கும் பிடிக்காது. சுவர் வருவதற்கு முன்பே காலை ஊன்றுவது நன்று.'"

"யோவ், முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றது தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸை உதறினார். தண்ணீர் கேன்காரரின் தாளைக் கேட்டு வாங்கினார். "'இது என் சைக்கிள். நல்ல சைக்கிள். நன்றாக ஓடும். பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும்.'" தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா, பிரேக் கச்சிதமாப் பிடிக்குமாமே?"

தொட்டி இருமியது.

சைக்கிளை வெளியே எடுத்து, இன்ஸ்பெக்டரே அதன் கைப்பிடியைத் துடைத்துப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குனிந்து, கழன்ற சங்கிலியை மாட்டினாள். அதன் பிறகுதான் அழுதாள். அவளும் அப்படித்தான்போல.

டீச்சர் ஒருவழியாக வாயிலிருந்து கையை எடுத்தார். எடுத்தவுடன் அது வேலையைத் தொடங்கிவிட்டது. முகம் தொங்கி நின்ற தண்ணீர் கேன்காரரிடம் போனார். அந்த மனிதர் பொய்யர் இல்லை. அவருக்கும் ஒரு சைக்கிள் தொலைந்துதான் போயிருந்தது. சாம்பல் பூச்சில் அவருக்கு எல்லாம் தன்னுடையதாகத் தெரிந்தது.

"அண்ணே, உங்க வண்டி என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும், ஓடும்."

"அப்புறம்?"

"அப்புறம்... கேன் தொங்கவிட்டு தொங்கவிட்டு, கைப்பிடி ரெண்டும் கீழ பார்த்து வளைஞ்சிருக்கும். மழைக்காலத்துக் காளைமாடு மாதிரி."

"இதை எழுதறதுக்கு என்னண்ணே?"

மலையைப் புரட்டினார்கள். அடியில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவருடைய காளை நின்றிருந்தது.

கிளம்பும் முன் டீச்சர் எழுத்தரிடம் சிவப்புப் பேனா இரவல் வாங்கினார். பெண்ணின் தாளில் மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். பத்துக்கு ஏழு.

"சைக்கிளே கிடைச்சிருச்சே டீச்சர். மூணு மார்க் எதுக்குக் குறைச்சீங்க?"

"அபாயத்தைக் கொண்டுபோய் முடிவுரையில வச்சியே, அதுக்கு. அந்த மனுஷனைப் பாரு, பிழிஞ்சு காயப்போட்டிருக்காங்க. ஆளைக் கொல்ற விஷயம் எதுவோ, அதை முதல் வரியில எழுதணும். முன்னுரை, பொருளுரை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

பெண் யோசித்தாள். "சரி டீச்சர். ஆனா நான் எழுதினது பேச்சு மாதிரியே இருக்கே. அது பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் அந்த ஏழு."

வாசலுக்கு வந்ததும் பெண் வண்டியில் ஏறினாள். இருக்கை ஒரு பெருமூச்சு விட்டது. "பின்னாடி உட்காருங்க டீச்சர். பள்ளிக்கூட முக்கு வரைக்கும் விட்டுட்டு, ரொட்டி ஆலைக்குப் போய் அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன். வழியில மேடு இல்ல. காலை ஊன நான் இருக்கேன்."

டீச்சர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

சைக்கிள் பெருமூச்சு விட்டது. ஒன்றல்ல. நீளமாக ஒன்று விட்டு, நிறுத்தி, யோசித்து, இன்னொன்று விட்டு, கடைசியில் கரகரவென்று ஒரு முனகலும் முனகியது. கேட்ட இன்ஸ்பெக்டரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

பெண்ணின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

எதைப் பார்த்தாலும் எழுது, எதைக் கேட்டாலும் எழுது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிவந்த டீச்சர், அன்று முதல்முறையாக ஒரு மாணவியின் முதுகில் தட்டிச் சொன்னார்:

"இதை மட்டும் எழுதிராதே."

திங்கட்கிழமை அவள் வந்தாள். சாக்கில் கிடந்த தன் பெட்டிக்காக ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தாள். முதல் வரி: 'எச்சரிக்கை: இந்தப் பெட்டியைத் திறந்தால் மூடி விரலைக் கடிக்கும்.' மற்றவர்களின் பெட்டிகளோடு கலந்து வைத்தும், பக்கத்துப் பெண் ஒரே தடவையில் அதை எடுத்துவிட்டாள், விரலை உதறிக்கொண்டே. ஆனால் அந்தத் தாளின் கடைசியில், முடிவுரை என்று அடிக்கோடு போட்டு, பின்னால் டீச்சரை ஏற்றிக்கொண்டு போனால் ஒரு சைக்கிள் என்ன பண்ணும் என்பதையும் அவள் விலாவாரியாக எழுதியிருந்தாள்.

டீச்சர் அதை வீட்டில் படித்துக் காட்டினார். மாமியார் கண்ணை மூடிக் கேட்டு, "நல்லாத் தெரியுது. தெருவே தெரியுது" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். கணவர் "ம்" என்றார். அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத "ம்" அது.

மதிப்பெண் பத்துக்குப் பத்து.